ஹைஸ்கூல் பிள்ளைங்க திணறாம வாசிக்கணும்னா என்ன பண்ணலாம்: படிப்படியா ஒரு முழு வழிகாட்டி

பத்தாவது பப்ளிக் எக்ஸாம்ல முதல் 10 நிமிஷம் கேள்வித்தாளை வாசிக்கிறதுக்குன்னே குடுக்குறாங்க, அடுத்த 5 நிமிஷம் விடைத்தாள்ல விவரம் சரிபார்க்க, அதுக்கப்புறம்தான் எழுத்து. நல்லா வாசிக்கிற பிள்ளைக்கு அந்த 10 நிமிஷம் தாராளம், எதை முதல்ல எழுதலாம்னு முடிவு பண்ணக்கூட நேரம் மிச்சமிருக்கும். எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளை அதுக்குள்ள ரெண்டாம் பக்கத்தைத் தாண்டியிருக்காது. கணக்குல ஃபெயில்னு நாம சொல்ற பல பிள்ளைங்களுக்கு கணக்கு வராம இல்லைங்க, "ஓர் உள்ளீடற்ற உருளையின் வெளிவிட்டம்"னு ஆரம்பிக்கிற அந்த வரியையே தாண்ட முடியல. சயின்ஸ், சோஷியல் எல்லாத்துக்கும் இதே நிலைமைதான், அதனால வாசிப்புங்கிறது தமிழ் டீச்சர் பாடுன்னு மத்த சப்ஜெக்ட் டீச்சருங்க ஒதுங்கிக்க முடியாது.

நான் மேல ஏற்காடு மலையிலயும் கீழ சேலம் டவுன்லயும் கவர்மென்ட் ஸ்கூல்ல தமிழ் எடுக்குறவ. ஆறாவதுலருந்து பத்தாவது வரைக்கும் வாசிக்கத் திணறுற பிள்ளைங்களோட உக்காந்து பார்த்ததுல எனக்கு உறுதியா தெரிஞ்சது ஒண்ணுதான். புதுப்புது பாடமா தள்ளிக்கிட்டே போகாதீங்க. ஒரு சின்ன பத்தி, அதைக் கேக்க பக்கத்துல ஒரு காது, அது நல்லா வர்ற வரைக்கும் திரும்பத் திரும்ப. கீழ சொல்ற எல்லாமே இதை எப்படி பண்றதுங்கிறதுதான்.

சரளம்னா வேகம் மட்டும் இல்ல

மூணு விஷயம் சேர்ந்தாதான் சரளம். தப்பில்லாம வாசிக்கணும், தடங்காம வாசிக்கணும், எங்க நிறுத்தி எங்க ஏத்தி எறக்கணுமோ அப்படி வாசிக்கணும். நம்ம ஸ்கூல்ல நடுவுல இருக்குறதை மட்டும் புடிச்சுக்கிட்டு "வேகமா படிடா"ங்கிறோம், அவனும் புள்ளி கமா எதையும் பார்க்காம ஒரே மூச்சுல கடகடன்னு முடிச்சுட்டு உக்காருவான், என்ன வாசிச்சன்னு கேட்டா முழிப்பான்.

இதுக்கு ஒரு காரணம் இருக்கு. 1974-ல லபெர்ஜ், சாமுவேல்ஸ்னு ரெண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சொன்னது: மனசோட கவனம் ஓரளவுதான், அது முழுக்க எழுத்தை அடையாளம் கண்டுபிடிக்கவே செலவாயிட்டா அர்த்தம் புரிஞ்சுக்க மிச்சம் எதுவும் இருக்காது. ஏற்காடு ரோட்ல தினம் பஸ் ஓட்டுற டிரைவர் 20 கொண்டை ஊசி வளைவையும் யோசிச்சு யோசிச்சா திருப்புறாரு, கை தானா திருப்புது, அவரு கண்ணு எதிர்ல வர்ற வண்டி மேல இருக்கு. எழுத்து அந்த மாதிரி தானா வரணும், அப்பதான் பிள்ளையோட கண்ணு அர்த்தத்து மேல இருக்கும். அதே சாமுவேல்ஸ் 1979-ல எழுதுனதுதான் திரும்ப வாசிக்கிற முறை. 2000-ல வந்த அமெரிக்க தேசிய வாசிப்புக் குழு அறிக்கையும், ஒருத்தர் பக்கத்துல இருந்து கேட்டு வழிகாட்ட வாய்விட்டு வாசிச்சா, தப்பில்லாம வாசிக்கிறதும் சரளமும் புரிதலும் கூடுதுன்னு சொல்லுது. அதெல்லாம் இங்கிலீஷ் வாசிப்பை வச்சு பார்த்தது, ஆனா கவனம் பத்தின விஷயம் எந்த மொழிக்கும் பொதுதான்.

முதல் படி: தனியா கூப்பிட்டு கேளுங்க

கிளாஸ் நடுவுல எழுப்பி நிறுத்தி சோதிக்காதீங்க. பதிமூணு பதினாலு வயசு, பையன்களுக்கு குரல் வேற உடையுற நேரம், ஒரு தடவை சிரிப்பு கேட்டுட்டா அதோட வாயே திறக்க மாட்டாங்க. லைப்ரரி மூலையோ வராண்டாவோ, பக்கத்துல உக்கார வச்சு, "சும்மா வாசி கண்ணு, மார்க் எல்லாம் இல்ல"ன்னு சொல்லிட்டு ஆரம்பிங்க.

அவங்க கிளாஸுக்கு ஒரு கிளாஸ் கீழ இருக்குற பாடப்புத்தகத்துலருந்து நூறு நூத்தம்பது வார்த்தை இருக்குற உரைநடைப் பத்தி ஒண்ணு, ரெண்டு காப்பி. ஒண்ணு பிள்ளை கையில, இன்னொண்ணு பென்சிலோட உங்க கையில. செல்போன்ல ஒரு நிமிஷம் டைமர் வைங்க, ஆனா சத்தம் வராம வைங்க, பிள்ளை கண்ணுல படாம கவுத்து வைங்க. தப்பா சொன்ன வார்த்தை, விட்ட வார்த்தை, மூணு செகண்டுக்கு மேல நின்னுட்டதால நீங்களே சொல்லிக்குடுத்த வார்த்தை, இதெல்லாம் தப்புக் கணக்கு. தானா திருத்திக்கிட்டா அது தப்பு இல்ல. ஒரு நிமிஷத்துல 84 வார்த்தை போயிருக்கா, அதுல 9 தப்புன்னா, சரியா வாசிச்சது 75, அதாவது நூத்துக்கு 89. தொண்ணூறுக்கு கீழ போனா அந்தப் பத்தி அந்தப் பிள்ளைக்கு ரொம்ப கஷ்டம்னு அர்த்தம், அதை வச்சு பயிற்சி குடுக்காதீங்க, இன்னும் ஒரு கிளாஸ் கீழ எறங்குங்க. 95 கிட்ட வர்ற பத்திதான் பயிற்சிக்கு சரி.

நெட்ல இங்கிலீஷுக்கு எந்த கிளாஸ்ல நிமிஷத்துக்கு எத்தனை வார்த்தைன்னு ஒரு அட்டவணை கிடைக்கும், அதை எடுத்து தமிழுக்கு ஒட்டாதீங்க. "படித்தவர்களுக்காகவே" ஒரே வார்த்தை, 12 எழுத்து, இங்கிலீஷ்ல அதுக்கு நாலஞ்சு வார்த்தை ஆகும். அதனால பிள்ளையை அந்தப் பிள்ளையோட போன மாச அளவோட மட்டும் ஒப்பிடுங்க.

வாசிச்சு முடிச்சதும் புத்தகத்தை மூடிட்டு, "என்ன சொல்லியிருந்துச்சு, உன் பேச்சுல சொல்லு"ன்னு கேளுங்க. இதை விட்டுடாதீங்க, மத்த எல்லாத்தையும்விட இது முக்கியம்.

இப்படி கேட்டாலே மூணு வகை பிள்ளைங்க தெரிவாங்க. ஒரு வகை எழுத்துலயே நிக்கிறவங்க, கெ-கே, கொ-கோ குழம்பும், ஞ-வையும் ங-வையும் பார்த்தா நின்னுடுவாங்க. ரெண்டாவது வகை சின்ன வார்த்தை எல்லாம் வரும், நீளமான வார்த்தை வந்தா உடைஞ்சு போவாங்க, ஹைஸ்கூல்ல இவங்கதான் அதிகம். மூணாவது வகை எல்லாம் வாசிப்பாங்க ஆனா ஒரே தொனியில, அர்த்தம் உள்ள போகாது. மூணு பேருக்கும் ஒரே மருந்து வேலை செய்யாது. முதல் வகைக்கு பத்து நாளாவது எழுத்துப் பயிற்சி தனியா குடுத்துட்டுதான் பத்திக்கு வரணும், எட்டாவது படிக்கிறவன்கிட்ட 247 எழுத்தையும் முதல்லருந்து எழுதச் சொல்லி அவமானப்படுத்த வேண்டாம், அவனுக்கு குழம்புற எட்டு பத்து எழுத்தை மட்டும் புடிங்க. குறிப்பா ெ, ே, ை இந்தக் குறிங்க எழுத்துக்கு முன்னாடி நிக்கும், ஆனா சத்தம் பின்னாடி வரும், ொ, ோ ரெண்டு பக்கமும் நிக்கும், கண்ணு முன்னாடி போயிட்டு திரும்பி வரணும், திணறுற பிள்ளைங்களுக்கு இங்கதான் பாதி நேரம் போகுது.

கண்ணு காது ரெண்டையும் பார்த்துடுங்க. கடைசி பெஞ்சுல உக்காந்து கண்ணைச் சுருக்கி போர்டைப் பார்க்குற பிள்ளை, புத்தகத்தை மூக்கு கிட்ட கொண்டுபோற பிள்ளை இருந்தா ஸ்கூலுக்கு வர்ற மெடிக்கல் டீம்கிட்டயோ ஆரம்ப சுகாதார நிலையத்துலயோ காட்டச் சொல்லுங்க. வாயால சொன்னா எல்லாம் புரியுது, நல்லா பதில் சொல்லுது, எவ்வளவு பயிற்சி குடுத்தாலும் எழுத்து மட்டும் ஒட்டவே மாட்டேங்குதுன்னா டிஸ்லெக்ஸியாவா இருக்கலாம், வட்டார வள மையத்துல இருக்குற சிறப்பு ஆசிரியர்கிட்ட காலம் தாழ்த்தாம சொல்லுங்க, சர்டிஃபிகேட் வாங்கிட்டா பப்ளிக் எக்ஸாம்ல கூடுதல் நேரம், சொல்றதை எழுத ஆள்னு சலுகை இருக்கு, பத்தாவது வந்தப்புறம் ஓடுனா நேரம் பத்தாது.

எது தப்பு, எது தப்பு இல்ல

இதைத் தனியா சொல்றேன், ஏன்னா பிள்ளைங்க வாயை மூட வைக்கிறது பெரும்பாலும் இதுதான். "பழம்"ங்கிறதை "பளம்"னு வாசிச்சா அது உச்சரிப்பு விஷயம், அந்த எழுத்தை அவன் சரியா கண்டுபுடிச்சுட்டான். அதை ழகரப் பயிற்சியில வேற நேரம் பாருங்க, வாசிக்கும்போது நிறுத்தாதீங்க. "வந்தார்கள்"னு போட்டிருக்குறதை "வந்தாங்க"ன்னு வாசிச்சா எனக்கு சந்தோஷம்தான், அர்த்தம் புரிஞ்சு அதைத் தன் பேச்சுக்கு மாத்திட்டான், "ஆமா வந்தாங்கதான், புத்தகத்துல எப்படி போட்டிருக்கு பாரு"ன்னு மெதுவா திருப்புங்க. "வந்தார்கள்"னு இருக்குறதை "வாந்தர்கள்"னு வாசிச்சுட்டு நிக்காம போறான் பாருங்க, அதுதான் கவலைப்பட வேண்டிய தப்பு, அவன் அர்த்தமே தேடல.

சேலத்துல அம்மாபேட்டை, குகை பக்கம் வீட்ல தெலுங்கோ கன்னடமோ சௌராஷ்டிரமோ பேசுற பிள்ளைங்க நிறைய, வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பத்துப் பிள்ளைங்களும் இப்போ வர்றாங்க, மலையில மலையாளிப் பழங்குடிப் பிள்ளைங்களோட (கேரளா மலையாளி இல்ல, இந்த மலையிலயே வாழுற தமிழ் பேசுற பழங்குடி) பேச்சுத்தமிழ் வேற மாதிரி. வீட்டுப் பேச்சுக்கும் புத்தகத் தமிழுக்கும் தூரம் கூடக்கூட பிள்ளைக்கு வேலை கூடும். அந்தப் பிள்ளைங்களுக்கு வாசிக்கிறதுக்கு முன்னாடி பத்தியில இருக்குறதை ரெண்டு நிமிஷம் பேச்சுத்தமிழ்ல கதையா சொல்லிடுங்க, அப்புறம் வாசிக்கக் குடுங்க, பாதி பாரம் குறைஞ்சுடும்.

ரெண்டாவது படி: எதை வாசிக்க வைக்கிறது

ஒன்பதாவது படிக்கிற பையன்கிட்ட ரெண்டாவது கிளாஸ் புத்தகத்துல இருக்குற காக்கா நரி கதையைக் குடுத்தா அவனுக்கு கோவம்தான் வரும். வரி சின்னதா இருக்கணும், விஷயம் அவன் வயசுக்கு இருக்கணும். கிரிக்கெட் செய்தி, பஸ்ஸ்டாண்டு அறிவிப்பு, ஜவ்வரிசி எப்படி தயாராகுது, வெள்ளிக் கொலுசுப் பட்டறையில என்ன வேலை நடக்குது, கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா, காப்பிக்கொட்டை பறிக்கிற சீசன், இதெல்லாம் நீங்களே பத்து பத்து வரியா எழுதிக்கலாம். 1820-கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் ஏற்காட்டுக்கு காப்பிச் செடி கொண்டுவந்த கதையை எழுதிக் குடுத்தா மலைப் பிள்ளைங்க நிமிர்ந்து உக்காருவாங்க, அது அவங்க அப்பா அம்மா வேலை செய்யுற தோட்டத்தோட கதை.

பள்ளிக்கல்வித் துறை கொண்டுவர்ற தேன்சிட்டு இதழ் ஹைஸ்கூல் பிள்ளைங்களுக்குன்னே வருது, அது ஆபீஸ் ரூம் பீரோவுல கட்டுப் பிரிக்காம கிடந்தா எடுத்துட்டு வாங்க. வாசிப்பு இயக்கத்துல நுழை, நட, ஓடு, பறன்னு படிநிலையா பிரிச்ச சின்னச் சின்ன புத்தகங்களும் இருக்கு. போன் வசதி இருந்தா ஸ்டோரிவீவர் தளத்துல தமிழ்க் கதைங்க நிலை வாரியா இலவசமா கிடைக்கும், பிரிண்ட் எடுத்துக்கலாம். பாடப்புத்தகத்துல செய்யுளை முதல்ல எடுக்காதீங்க, புணர்ச்சியில வார்த்தையெல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கும், அது கடைசியா.

மூணாவது படி: முதல்ல நீங்க வாசிச்சுக் காட்டுங்க

நல்ல வாசிப்பு எப்படி இருக்கும்னு காதுல கேட்டே இருக்காத பிள்ளைங்க இருக்காங்க. வீட்ல யாரும் வாசிக்கிறதில்ல, கிளாஸ்ல டீச்சர் பாடம் விளக்குறாங்களே தவிர முழுசா ஒரு பத்தியை அழகா வாசிக்கிறது குறைஞ்சு போச்சு. அதனால பத்தியை நீங்க நிதானமா, உணர்ச்சியோட ஒரு தடவை வாசிங்க, பிள்ளைங்க வரிக்கு அடியில விரல் வச்சு கூடவே வரணும். எட்டாவது பிள்ளை விரல் வைக்கிறதான்னு யோசிக்காதீங்க, கண்ணு வரி தாவாம இருக்க அது உதவும், சரளம் வந்ததும் விரல் தானா போயிடும்.

அடுத்த தடவை நீங்க ஒரு வரி, அவங்க ஒரு வரி, அதே ஏத்த எறக்கத்தோட. மூணாவது தடவை எல்லாரும் சேர்ந்து. கூட்டமா வாசிக்கும்போது திணறுற பிள்ளையோட குரல் தனியா தெரியாது, பயமில்லாம வாய் திறக்கும், அதுதான் நமக்கு வேணும். ஆனா கூட்டு வாசிப்புல சில பேர் சும்மா உதடு மட்டும் அசைப்பாங்க, நடந்துக்கிட்டே பக்கத்துல போய் காது குடுங்க.

நாலாவது படி: நீள வார்த்தையை உடைக்கிறது

இதுல நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கிறேன், ஏன்னா தமிழ் வாசிப்புல ஹைஸ்கூல் பிள்ளை விழுறது இங்கதான்.

மலையில ஹாஸ்டல்ல தங்கிப் படிச்ச ஒன்பதாவது பையன் ஒருத்தன், காப்பித்தோட்டம் பத்தி நான் எழுதிக் குடுத்த பத்தியை வாசிச்சுக்கிட்டிருந்தான், "மிளகுக் கொடிகள் மேலே" வரைக்கும் வந்துட்டான், அடுத்த வார்த்தை "ஏறிக்கொண்டிருந்தன." ஏ, றி, க், கொ, அப்படியே நின்னுட்டான், விரல் கொ மேல, மூச்சு கூட விடல. நான் பென்சிலால "ஏறி"க்குப் பின்னாடி இருக்குறதெல்லாத்தையும் மறைச்சேன். "ஏறி"ன்னான். பென்சிலை நகத்தினேன், "கொண்டு"ன்னு ஆரம்பிச்சு அதுக்குள்ள "கொண்டிருந்தன"ன்னு அவனே முடிச்சுட்டான். அப்புறம் தலையைத் தூக்கி, "ஏறிக்கிட்டு இருந்துச்சா மிஸ்? எங்க தோட்டத்துல சில்வர் ஓக்ல அப்படித்தான் ஏறும்"னான். பாருங்க, அவனுக்குத் தெரியாத விஷயம் அதுல ஒண்ணுமே இல்ல, வார்த்தையோட நீளம்தான் அவனை நிறுத்தி வச்சிருந்துச்சு.

இதுக்கு ரெண்டு பயிற்சி. ஒண்ணு படிக்கட்டு வார்த்தை. போர்டுல ஒண்ணுக்கு கீழ ஒண்ணா எழுதுங்க: படி, படித்த, படித்தவர், படித்தவர்கள், படித்தவர்களுக்கு, படித்தவர்களுக்காக, படித்தவர்களுக்காகவே. மேலருந்து கீழ ஒரு தடவை, கீழருந்து மேல ஒரு தடவை, நடுவுல தொட்டுக் காட்டினா அதை மட்டும் ஒரு தடவை. தமிழ்ல வேர் முன்னாடி நிக்கும், மத்ததெல்லாம் பின்னாடி ஒட்டிக்கிட்டே போகும், அந்த ஒட்டுற துண்டுங்க ரொம்ப அதிகம் கிடையாது, திரும்பத் திரும்ப அதேதான் வரும். இலிருந்து, உக்காக, கொண்டிருந்த, வேண்டியிருந்தது, முடியவில்லை, ஆனாலும், போதெல்லாம், இப்படி இருபது முப்பது வாலை ஒரு சார்ட்ல எழுதி ஒட்டுங்க, தினம் ரெண்டு நிமிஷம் குச்சி வச்சு தொட்டு வாசிக்க வைங்க. எழுத்து எழுத்தா பார்க்காம அந்த வாலை ஒரே பார்வையில புடிக்கப் பழகிட்டா நீள வார்த்தை பாதியா குறைஞ்ச மாதிரி ஆயிடும்.

இன்னொண்ணு, க ச ட த ப இந்த அஞ்சு எழுத்தோட சத்தம் இடத்துக்கு இடம் மாறுறது. பக்கம், தங்கம், மகன் மூணுலயும் அதே க, சத்தம் மூணு. தனித்தனியா எழுத்துக் கூட்டுற பிள்ளை மூணையும் ஒரே அழுத்தத்துல சொல்லும், அப்போ அது பேச்சுல கேட்ட வார்த்தை மாதிரியே இருக்காது, தெரிஞ்ச வார்த்தையைக்கூட தெரியாததுன்னு நினைச்சுக்கும். "ம, க, ன், சேர்த்து வேகமா சொல்லு, இது யாரு? வீட்ல கூப்பிடுற மாதிரி சொல்லு"ன்னு கேளுங்க, பட்டுன்னு புடிச்சுடும்.

சயின்ஸ் புத்தகத்துல ஜ, ஷ, ஸ, ஹ வர்ற வார்த்தைங்களை அந்தப் பாடம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சயின்ஸ் டீச்சரே போர்டுல எழுதி நாலு தடவை வாசிக்க வச்சுட்டா போதும்.

அஞ்சாவது படி: கோடு போட்டு மூச்சு விடுறது

இது மூணாவது வகை பிள்ளைங்களுக்கு ரொம்ப முக்கியம். பத்தியில எங்கெங்க மூச்சு விடணுமோ அங்க பென்சிலால சாய்வுக் கோடு போடச் சொல்லுங்க.

காப்பிச் செடிகளுக்கு நிழல் தருவதற்காக / தோட்டமெங்கும் / சில்வர் ஓக் மரங்களை நட்டிருந்தார்கள். // அந்த மரங்களைப் பற்றிக்கொண்டு / மிளகுக் கொடிகள் / மேலே ஏறிக்கொண்டிருந்தன. //

ஒத்தைக் கோட்டுல லேசா நிறுத்தணும், ரெட்டைக் கோட்டுல நல்லா நிறுத்தணும். முதல் வாரம் நீங்க போட்டுக் குடுங்க, அடுத்த வாரம் அவங்களே போடட்டும், ரெண்டு பேர் வேற வேற இடத்துல போட்டிருந்தா ரெண்டையும் வாசிச்சுக் காட்டச் சொல்லி எது நல்லா இருக்குன்னு கிளாஸையே கேளுங்க. "தருவதற்காகத் தோட்டமெங்கும் சில்வர் / ஓக் மரங்களை"ன்னு போட்டு வாசிச்சா கிளாஸே சரியில்லன்னு சொல்லிடும். கோடு எங்க போடுறதுன்னு யோசிக்கும்போதே அர்த்தம் புரிஞ்சாகணும், அதான் இதுல இருக்குற நன்மை. நல்லா வந்தப்புறம் கோடு போடாத காப்பியைக் குடுத்து வாசிக்க வைங்க.

அமெரிக்காவுல தேசிய அளவுல நடத்துற மதிப்பீட்டுல இதுக்கு நாலு படி வச்சிருக்காங்க: வார்த்தை வார்த்தையா வாசிக்கிறது, ரெண்டு ரெண்டு வார்த்தையா, மூணு நாலு வார்த்தை சேர்த்து, கடைசியா அர்த்தத்தோட பெரிய தொடரா உணர்ச்சியோட. தமிழுக்கும் நான் இதையே வச்சுக்கிறேன், ஆனா தமிழ்ல ரெண்டு வார்த்தையே ஒரு முழுத் தொடரா இருக்கும்ங்கிறதால எண்ணிக்கையைப் பார்க்காம தொடர் உடையுதா இல்லையான்னு பார்க்குறேன்.

ஆறாவது படி: ஜோடி வாசிப்பு

நாப்பது பேர் கிளாஸ்ல ஒரு டீச்சர் எல்லாருக்கும் காது குடுக்க முடியாது, அதனால ஜோடி. முதல் ரேங்க் பிள்ளையையும் கடைசிப் பிள்ளையையும் சேர்க்காதீங்க, ரெண்டு பேருக்கும் எரிச்சல்தான் மிஞ்சும். வாசிப்பு வரிசைப்படி பட்டியல் எழுதி நடுவுல ரெண்டா பிரிச்சு, மேல் பாதியோட முதல் ஆளையும் கீழ் பாதியோட முதல் ஆளையும் சேருங்க, அப்படியே கீழ வரைக்கும். பட்டியலை யாருக்கும் காட்டாதீங்க. சிநேகிதமா இருக்குற ரெண்டு பேருன்னா இன்னும் நல்லது.

முதல்ல நல்லா வாசிக்கிற பிள்ளை பத்தியை வாசிக்கும், மத்தது விரல் வச்சுக் கேக்கும். அப்புறம் அதே பத்தியை அடுத்த பிள்ளை மூணு தடவை வாசிக்கும். தடுக்கினா கேக்குற பிள்ளை மனசுக்குள்ள மூணு எண்ணணும், அப்புறமும் வரலன்னா வார்த்தையைச் சொல்லிடணும், அவ்வளவுதான், "இதுகூட தெரியாதா"ன்னு ஒரு வார்த்தை வரக்கூடாது. சொல்லிக்குடுத்த வார்த்தையோட வரியை ஆரம்பத்துலருந்து திரும்ப வாசிக்கணும். மூணாவது தடவை முடிச்சதும் முதல் தடவைக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்ட பிள்ளை சொல்லணும், "இந்தத் தடவை கமாவுல நிறுத்துன", "கொண்டிருந்தன சட்டுன்னு வந்துச்சு", இப்படி குறிப்பா. சும்மா சூப்பர்னு சொன்னா பத்தாது.

"ஒரே பத்தியைத் திரும்ப வாசிச்சா மனப்பாடம் ஆயிடாதா?"ன்னு எல்லா ட்ரெயினிங்லயும் யாராவது கேப்பாங்க. கொஞ்சம் ஆகும், அதனால என்ன. பத்து வரி மூணு நாலு தடவையில அப்படியே மனப்பாடம் ஆகாது, கண்ணு எழுத்து மேல இருக்குற வரைக்கும் அந்த வார்த்தைங்களோட உருவம் மனசுல பதியுது, அடுத்த பத்தியில அதே வார்த்தை வரும்போது தடங்காது. சந்தேகமா இருந்தா நடுவுல ஒரு வரியைக் காட்டி அதை மட்டும் வாசிக்கச் சொல்லிப் பாருங்க.

ஜோடி நடக்கும்போது சத்தம் இருக்கும். பக்கத்து கிளாஸ் டீச்சர் எட்டிப் பார்ப்பாங்க. ஹெச்எம்கிட்ட முன்கூட்டியே சொல்லி வச்சுக்கோங்க, முடிஞ்சா மரத்தடியில பண்ணுங்க.

ஏழாவது படி: கேக்குறதுக்கு ஆள்

திரும்ப வாசிக்கிறதுக்கு ஒரு காரணம் வேணும், இல்லன்னா பிள்ளைக்கு சலிச்சுடும். மேடைதான் அந்தக் காரணம். காலைல ப்ரேயர்ல செய்தி வாசிக்கிறது எல்லா ஸ்கூல்லயும் இருக்கு, ஆனா அதை எப்பவும் அதே நாலு பேர்தான் வாசிப்பாங்க. அதை மாத்துங்க. திணறுற பிள்ளைக்கு மூணு நாள் முன்னாடியே நாலு வரி குடுங்க, ஜோடியோட பழகட்டும், அப்புறம் மைக் முன்னாடி நிறுத்துங்க. மேட்டூர் அணை நீர்மட்டச் செய்தி இதுக்கு அருமையான பாடம், மழைக்காலத்துல தினம் பேப்பர்ல வரும், 120 அடி, நீர்வரத்து, திறப்பு, விநாடிக்கு இத்தனை கன அடின்னு அதே வார்த்தைங்க, எண் மட்டும் மாறும். பத்தியில எண் வந்தா நிறைய பிள்ளைங்க தடுமாறுவாங்க, அதுக்கும் சேர்த்து பயிற்சி ஆயிடும். ஆனா தயார் பண்ணாத பிள்ளையை எந்தக் காரணத்துக்கும் மைக் முன்னாடி நிறுத்தாதீங்க.

வாசிப்பு நாடகமும் நல்லா போகும். மனப்பாடம் இல்ல, வேஷம் இல்ல, கையில தாளை வச்சு குரல்லயே நடிக்கிறது. ஏற்காடு பஸ்ல மிளகு மூட்டையோட ஏறுற பாட்டி, கண்டக்டர், ஜன்னலோரத்துல ஒரு காலேஜ் பையன், இவங்க பேச்சை பிள்ளைங்களே எழுதட்டும். "மூட்டைக்கு லக்கேஜ் போடணும் பாட்டி." "ஏஞ் சாமி, மடியில வச்சுக்கிறேன், அதுக்குமா டிக்கெட்டு?" பேச்செல்லாம் பேச்சுத்தமிழ்ல, நடுவுல கதை சொல்றவர் வரி மட்டும் எழுத்துத்தமிழ்ல. பேச்சுத்தமிழ் வரியில பிள்ளைக்கு ஏத்த எறக்கம் தானா வரும், அதே குரல் பக்கத்துல இருக்குற எழுத்துத்தமிழ் வரிக்கும் தாவும், இதை நீங்க காதாலயே கேக்கலாம்.

வீட்ல சொல்லிக் குடுக்க ஆள் இல்லன்னு பெத்தவங்க வருத்தப்படுவாங்க, தறிக்கும் பட்டறைக்கும் எஸ்டேட்டுக்கும் போயிட்டு வர்றவங்க. சொல்லிக் குடுக்க வேண்டாம், கேட்டா போதும்னு சொல்லுங்க. எழுதப் படிக்கத் தெரியாத ஆயாகிட்ட ராத்திரி பத்து நிமிஷம் வாசிச்சுக் காட்டட்டும், ஆயா "அப்புறம் என்ன ஆச்சு, அவன் ஏன் போனான்?"னு கேட்டாலே பிள்ளை அர்த்தத்தைத் தேடி வாசிக்கும். போன் இருந்தா வாய்ஸ் ரெக்கார்டர்ல பதிஞ்சு தானே கேட்டுப் பார்க்கட்டும், நல்லா வந்ததை மட்டும் டீச்சருக்கு அனுப்பட்டும், கிளாஸ் குரூப்ல போட வேண்டாம். ஒண்ணு அனுப்புறதுக்கு முன்னாடி அஞ்சாறு தடவை பதிஞ்சு அழிச்சிருக்கும், நமக்கு வேண்டியதும் அதான்.

வாரம் எப்படி ஓடணும்

தினம் 15 நிமிஷம் போதும், ஆனா தினம் நடக்கணும். திங்கள் டீச்சர் வாசிச்சு, வரி வரியா பின்தொடர்றது. செவ்வாய் நீள வார்த்தை, கோடு, கூட்டு வாசிப்பு. புதன் வியாழன் ஜோடி. வெள்ளி யாராவது நாலஞ்சு பேர் மேடை. வாரத்துக்கு ஒரு பத்தி, அவ்வளவுதான். பரீட்சை வாரம் வந்தா விட்டுடலாம்னு தோணும், அப்போ கேள்வித்தாளையே பத்தியா எடுத்துக்கோங்க, பழைய பப்ளிக் கேள்வித்தாளை வாய்விட்டு வாசிக்கிற பயிற்சியை நான் எல்லா பத்தாவது கிளாஸுக்கும் சொல்வேன். உண்டு உறைவிடப் பள்ளின்னா சாயங்கால ஸ்டடி ஹவர்லயே வச்சுக்கலாம், அங்க பெரிய பிள்ளைங்க சின்னப் பிள்ளைங்களுக்கு காது குடுப்பாங்க, எட்டாவதுல திணறுறவன் நாலாவது பிள்ளைக்கு கதை வாசிச்சுக் காட்டணும்னா தானா நாலு தடவை பழகிட்டுப் போவான், அவனுக்கும் மரியாதை.

வரிசையா ஒவ்வொருத்தரா எழுந்து ஆளுக்கு நாலு வரி வாசிக்கிற பழக்கத்தை மட்டும் விட்டுடுங்க. அதுல ஒரு பிள்ளை ஒரு பீரியட்ல வாசிக்கிறது அரை நிமிஷம், மிச்ச நேரம் தன் முறை எப்போ வரும்னு வரியை எண்ணிக்கிட்டு வயித்துல பயத்தோட உக்காந்திருக்கும்.

இங்கிலீஷுக்கும் இதே வழிதான், ஆனா ரெண்டையும் ஒண்ணா ஆரம்பிக்காதீங்க. தமிழ்ல ஒரு பருவம் ஓட்டி, வாசிப்புன்னா என்னன்னு பிள்ளைக்கு ஒரு தெம்பு வந்தப்புறம் இங்கிலீஷ் டீச்சரோட சேர்ந்து தொடங்குங்க.

மூணு வாரத்துக்கு ஒரு தடவை முதல் படியில பண்ண மாதிரி தனியா கூப்பிட்டு ஒரு நிமிஷம் கேளுங்க, பழகாத புதுப் பத்தியில. எண்ணை பிள்ளையோட நோட்டுலயே கடைசிப் பக்கத்துல அவனையே எழுதச் சொல்லுங்க, செவுத்துல ஒட்டாதீங்க. எண் ஏறி, கதை சொல்றது குறைஞ்சிருந்தா வேகத்தை விட்டுட்டு கோடு போடுறதுக்குத் திரும்புங்க. எண்ணும் ஏறல, கதையும் வரலன்னா பத்தி கஷ்டமா இருக்கலாம், இன்னும் கீழ எறங்குங்க. தொடர்ந்து மூணு புதுப் பத்தியில நூத்துக்கு 95-க்கு மேல சரியா, தொடர் உடையாம வாசிச்சு, என்னன்னு சொல்லவும் முடிஞ்சா அந்தப் பிள்ளையை இந்தப் பயிற்சியிலருந்து விடுவிச்சு லைப்ரரி பக்கம் அனுப்பிடுங்க, இனி அதுக்கு வேண்டியது மௌனமா நிறைய வாசிக்கிறதுதான். வருஷ லீவ் முடிஞ்சு ஜூன்ல வந்ததும் மட்டும் ஒரு தடவை கூப்பிட்டுக் கேளுங்க, லீவ்ல புத்தகத்தைத் தொடாத பிள்ளைங்க கொஞ்சம் பின்னாடி போயிருப்பாங்க, அவங்களுக்கு முதல் ரெண்டு வாரம் புதுசு எதுவும் குடுக்காம போன வருஷம் நல்லா வந்த பத்தியிலருந்தே தொடங்குங்க.